அதிக வரி கட்டினார்கள், குறைந்த பணம் வந்தது: எட்ஜ்வுட் பெற்றோர் கேட்ட கணக்கு

(கூட்டமைப்பின் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற நம் உறுப்பினர்களுக்கும் நடந்த ஒருநாள் பயிற்சியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த ஒருநாள் வீணாகாத மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் நானும் வந்திருக்கிறேன்.

"அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கே இருந்து வருது? அது குறைஞ்சா யாரைப் போய்க் கேட்கிறது? எப்படிக் கேட்கிறது?" இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதற்கு நான் வெகுதூரத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் என்று ஒரு மாநிலம். அதிலே சான் அன்டோனியோ என்று ஒரு பெரிய நகரம். அந்த நகரத்தின் மேற்குப் பக்கத்தில் எட்ஜ்வுட் என்று ஒரு பகுதி. அங்கே இருந்த ஏழைப் பெற்றோர்கள் செய்த காரியம் இது.

"அமெரிக்காவா? அங்கே எல்லாரும் பணக்காரங்கதானே, அவங்களுக்கு என்ன குறை?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முடிவில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பணம் எப்படி வருது?

முதலில் ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ள வேண்டும். 'பள்ளி மாவட்டம்' என்று அங்கே சொல்கிறார்கள். நம்ம ஊர் கலெக்டர் மாவட்டம் மாதிரி அது இல்லை. சில ஊர்களை, அல்லது ஒரு நகரத்தின் சில பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து, அங்கே இருக்கிற அரசுப் பள்ளிகளை நடத்துவதற்கென்று தனி நிர்வாகம். அதற்கு ஒரு வாரியம். வாரிய உறுப்பினர்களை அந்தப் பகுதி மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் ஒரு கண்காணிப்பாளரை வேலைக்கு வைக்கும். ஒரே நகரத்துக்குள்ளேயே இப்படிப் பல பள்ளி மாவட்டங்கள் இருக்கும்.

இந்தப் பள்ளி மாவட்டத்துக்கு வரி போடுகிற அதிகாரம் உண்டு. வீடு, நிலம், கடை, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு, நூறு டாலர் மதிப்புக்கு இத்தனை என்று சொத்து வரி வசூலிப்பார்கள். பள்ளிச் செலவுக்கு ஒரு பங்கு இந்த வரியிலிருந்து வரும். இன்னொரு பங்கு மாநில அரசு கொடுக்கும். கொஞ்சம் மத்திய அரசிடமிருந்து வரும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு இல்லீங்களா? அவங்க ஊர்ப் பணம், அவங்க ஊர்ப் பள்ளிக்கூடம். ஆனால் கோளாறு அங்கேதான் இருந்தது. எப்படி என்று பார்ப்போம்.

1968 மே மாதம்

எட்ஜ்வுட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த உழைக்கும் மக்கள். பள்ளியில் படித்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவர்கள்தான். சுமார் 22,000 பிள்ளைகள், 25 பள்ளிகள். கட்டடங்கள் பழுது. புத்தகமும் சாமானும் போதாது. ஆசிரியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முழுத் தகுதி பெறாமல், தற்காலிக அனுமதியின் பேரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள்.

1968 மே 16ஆம் தேதி எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியே வந்து, கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். "எங்களுக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும், படிக்கத் தேவையான சாமான் வேண்டும்" என்று கேட்டார்கள்.

நம்ம வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வந்தால் நாம் என்ன செய்வோம்? "போய் உட்கார்ந்து படி" என்று அதட்டுவோம். அங்கே பெற்றோர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். பிள்ளைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கப் பெற்றோர் சங்கம் ஒன்று சேர்ந்தது. அதில் முன்னால் நின்றவர்களில் ஆல்பர்ட்டா ஸ்னிட் என்ற தாய் ஒருவர். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகப்பனார் ஒருவர். ரோட்ரிகஸ் விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த தொழிலாளி. அவருடைய பிள்ளைகள் எட்ஜ்வுட் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இவர்களுக்கு என்ன சந்தேகம் வந்தது தெரியுமா? நமக்கெல்லாம் வருகிற அதே சந்தேகம்தான். "பள்ளி மாவட்டத்தை நடத்துகிறவர்கள் பணத்தைச் சரியாகச் செலவு செய்யவில்லை போலிருக்கிறது." கோபம் எல்லாம் உள்ளூர் நிர்வாகத்தின் மேல் இருந்தது. ஆர்தர் கோச்மன் என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். அவர் கணக்குகளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன விஷயம் வேறு. செலவு செய்ய அங்கே பணமே இல்லை. பணம் பிரிகிற விதியிலேயே கோளாறு இருக்கிறது. அந்த விதியைப் போட்டது மாநிலச் சட்டமன்றம்.

கணக்கு என்ன சொன்னது?

இந்தக் கணக்கை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரே நகரத்தில் இரண்டு பள்ளி மாவட்டங்கள். ஒன்று எட்ஜ்வுட். இன்னொன்று அலமோ ஹைட்ஸ், வசதியானவர்கள் வாழ்ந்த பகுதி. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிற 1967-68ஆம் ஆண்டுக் கணக்கு இது.

வரி விகிதம், நூறு டாலர் சொத்து மதிப்புக்கு: எட்ஜ்வுட்டில் 1 டாலர் 5 சென்ட். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்.
ஒரு பிள்ளைக்கு இருந்த வரிக்குரிய சொத்து மதிப்பு: எட்ஜ்வுட்டில் 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல்.
மாநிலத் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு போக, உள்ளூர் வரியில் ஒரு பிள்ளைக்கு மிஞ்சியது: எட்ஜ்வுட்டில் 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர்.
மாநிலம் கொடுத்தது: எட்ஜ்வுட்டுக்கு 222 டாலர். அலமோ ஹைட்ஸுக்கு 225 டாலர்.
மத்திய அரசு கொடுத்தது: எட்ஜ்வுட்டுக்கு 108 டாலர். அலமோ ஹைட்ஸுக்கு 36 டாலர்.
மொத்தம் ஒரு பிள்ளைக்கு: எட்ஜ்வுட்டில் 356 டாலர். அலமோ ஹைட்ஸில் 594 டாலர்.

பாருங்க. அந்த நகரத்திலேயே அதிகமான வரி விகிதம் எட்ஜ்வுட்டில்தான். ஆனால் கையில் வந்தது 26 டாலர்.

இது ஏன் என்று நம்ம குழு வழக்கத்திலேயே சொல்கிறேன். இரண்டு குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழுவில் எல்லோரும் கூலி வேலை. வருமானத்தில் நூற்றுக்குப் பத்து சேமிக்கிறார்கள். நூறு ரூபாய் வந்தால் பத்து ரூபாய். இரண்டாவது குழுவில் எல்லோரும் கடை வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு எட்டுதான் சேமிக்கிறார்கள். ஆனால் வருமானம் ஆயிரம், அதனால் எண்பது ரூபாய். எந்தக் குழு அதிகமாகக் கஷ்டப்பட்டுச் சேமிக்கிறது? முதல் குழு. எந்தக் குழுவின் பெட்டியில் பணம் அதிகம்? இரண்டாவது குழுவில். பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு, "முதல் குழுவுக்கு சேமிப்புப் பழக்கமே இல்லை" என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

எட்ஜ்வுட் மக்களை அப்படித்தான் பேசினார்கள். "ஏழைகளுக்குப் படிப்பின் அருமை தெரியாது, அதனால்தான் பள்ளிக்கூடம் இப்படிக் கிடக்கிறது" என்ற பேச்சுக்கு அந்த ஒரு ரூபாய்க் கணக்கு மாதிரியான 1 டாலர் 5 சென்ட் பதில் சொன்னது. படிப்புக்காகத் தங்கள் சக்திக்கு மேல் கொடுத்தவர்கள் அவர்கள். சொத்து குறைவான இடத்தில் பிறந்த பிள்ளைக்குக் குறைவான பள்ளிக்கூடம் என்று விதி சொன்னது.

ஒரு ஓட்டில் தோற்றார்கள்

1968 ஜூலையில் ரோட்ரிகஸும் மற்றப் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். சான் அன்டோனியோ பகுதியில் இருந்த ஏழு பள்ளி மாவட்டங்களையும் முதலில் எதிர்க்கட்சியாகச் சேர்த்திருந்தார்கள். அதனால்தான் வழக்கின் பெயரே இன்றுவரை 'சான் அன்டோனியோ பள்ளி மாவட்டம் எதிர் ரோட்ரிகஸ்' என்று இருக்கிறது. பிறகு பள்ளி மாவட்டங்களை வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். சான் அன்டோனியோ பள்ளி மாவட்டம், எந்தப் பெற்றோர் தன் மேல் வழக்குப் போட்டார்களோ அதே பெற்றோர் பக்கம் சேர்ந்து, "இவர்கள் சொல்வது சரி, மாநில விதிதான் மாற வேண்டும்" என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது.

உள்ளூர் தலைமையாசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் இது நடந்திருக்குமா? அவருக்கும் பணம் வரவில்லை, நமக்கும் வரவில்லை என்று இரண்டு பக்கமும் புரிந்துகொண்டதால் நடந்தது.

1971 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 1973 மார்ச் 21ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஒரே ஒரு ஓட்டில் எட்ஜ்வுட் தோற்றது. கல்வி முக்கியமானதுதான், ஆனால் அமெரிக்காவின் மத்திய அரசியல் சட்டம் அதை அடிப்படை உரிமையாகச் சொல்லவில்லை, இதைச் சரிசெய்ய வேண்டியது மாநிலங்களும் சட்டம் இயற்றுகிறவர்களும்தான் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். தர்குட் மார்ஷல் என்ற நீதிபதி, அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி, இதை எதிர்த்து நீண்ட தீர்ப்பு எழுதினார்.

ஐந்து வருடம் அலைந்து, ஒரு ஓட்டில் போனால் மனசு எப்படி இருக்கும்! "இனிமே நம்மால ஆகாது" என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தீர்ப்பே வழியைக் காட்டியிருந்தது. மாநிலத்திடம் போ என்று.

பள்ளி மாவட்டமே முன்னால் வந்தது

டெக்சாஸ் மாநிலத்துக்கென்று தனி அரசியல் சட்டம் இருக்கிறது. அதில் கல்வியைப் பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. இலவசப் பொதுப் பள்ளிகளுக்குத் திறமையான ஒரு ஏற்பாட்டைச் செய்து அதைப் பராமரிப்பது சட்டமன்றத்தின் கடமை என்று அது சொல்கிறது. 'கடமை' என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

1984 மே மாதம் புதிய வழக்கு. இந்த முறை முன்னால் நின்றது எட்ஜ்வுட் பள்ளி மாவட்டமே. மெக்சிகோ வம்சாவளி மக்களுக்காக வாதாடுகிற ஒரு சட்டப் பாதுகாப்பு அமைப்பு வழக்கை நடத்தியது. ஏழைப் பள்ளி மாவட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியில் 68 மாவட்டங்கள். தனித்தனியாகப் போயிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்? கூட்டமைப்பு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே 1984 கோடையில் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு ஒரு பெரிய கல்விச் சட்டம் கொண்டுவந்தது. ஏழை மாவட்டங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கிடைத்தது. சின்ன வகுப்புகளில் 22 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியும் வந்தது. ஆனால் பெரிய இடைவெளி அப்படியே இருந்தது. அதனால் வழக்கைக் கைவிடவில்லை.

1989 அக்டோபர் 2ஆம் தேதி டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், இந்த நிதி ஏற்பாடு மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றார்கள். அந்தத் தீர்ப்பிலும் கணக்குதான் பேசியது. மிகவும் ஏழையான 100 மாவட்டங்கள் நூறு டாலருக்குச் சராசரியாக 74.5 சென்ட் வரி போட்டு, ஒரு பிள்ளைக்கு 2,978 டாலர் செலவழித்தன. மிகவும் வசதியான 100 மாவட்டங்கள் 47 சென்ட் மட்டும் போட்டு, ஒரு பிள்ளைக்கு 7,233 டாலர் செலவழித்தன.

1968இல் ஆறு வயதில் முதல் வகுப்பில் உட்கார்ந்த ஒரு பிள்ளைக்கு 1989இல் 27 வயது. அந்தப் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பால் ஒரு புத்தகம்கூடக் கிடைக்கவில்லை. பெரியவர்கள் இருபத்தோரு வருடம் வாதாடலாம். பிள்ளையின் வயசு காத்திருக்காது. நம்ம ஊரிலே ஒரு கோரிக்கையை "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிவைக்கும்போது இதை நினைக்க வேண்டும்.

தீர்ப்பு வந்தது, பணம் வந்ததா?

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பணம் ஒதுக்குவது சட்டமன்றம். 1990இல் ஒரு சட்டம் போட்டார்கள். அது போதாது என்று 1991இல் நீதிமன்றம் தள்ளியது. 1991இல் இன்னொரு சட்டம். 1992இல் அதுவும் போனது. 1993 மே 1ஆம் தேதி அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்று மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதே மாதம் நான்காவது முயற்சியாக ஒரு சட்டம் வந்தது. ஒரு பிள்ளைக்கு 2,80,000 டாலருக்கு மேல் சொத்து மதிப்பு இருக்கிற மாவட்டம், மேலதிகமானதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அது சொன்னது. 1995இல் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. பணக்காரரிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட் கதையை வைத்து, இதற்கு 'ராபின் ஹூட் திட்டம்' என்று பெயரே வந்துவிட்டது. வசதியான மாவட்டங்கள் இன்றுவரை அதை எதிர்த்துப் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

2011இல் மாநிலத்தில் வருமானம் குறைந்தபோது சட்டமன்றம் பள்ளிகளின் பணத்தில் சுமார் 540 கோடி டாலரை வெட்டியது. மறுபடியும் 600க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் நீதிமன்றம் போயின. எட்ஜ்வுட்டும் அதில் இருந்தது. 2016 மே மாதம் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், ஏற்பாட்டில் குறைகள் இருந்தாலும் குறைந்தபட்சத் தேவையை அது நிறைவேற்றுகிறது, மற்றதைச் சட்டமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. டெமெட்ரியோ ரோட்ரிகஸ் 2013இல், 87 வயதில் காலமானார். அவர் தொடங்கிய விவகாரம் அவர் காலத்தில் முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016இல் எட்ஜ்வுட் வாரிய உறுப்பினர்களுக்குள் ஒற்றுமை இல்லாமல் நிர்வாகம் முடங்கியது. மாநிலக் கல்வித் துறை தலையிட்டு, தேர்ந்தெடுத்த வாரியத்துக்குப் பதிலாகத் தானே ஆட்களை நியமித்தது. மாநிலத்தையே எதிர்த்து நின்று ஜெயித்த மாவட்டம், உள்ளே ஒத்துப் போகாததால் தன் நாற்காலியை இழந்தது. கூட்டமைப்பில் இருக்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சட்டமன்றத்துக்குப் போகிற பாதை

அப்படியானால் இப்போது என்ன செய்கிறார்கள்? டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வழக்கமான கூட்டம் போடும். ஒற்றைப்படை வருடத்தில் ஜனவரியில் ஆரம்பித்து 140 நாள். அதற்குப் பல மாதம் முன்பே பள்ளி மாவட்ட வாரியங்கள் கூடி, "இந்தக் கூட்டத்தொடரில் நாம் கேட்க வேண்டியவை இவை" என்று ஒரு கோரிக்கைப் பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றுகின்றன. பிறகு கண்காணிப்பாளரும், வாரிய உறுப்பினர்களும், பெற்றோரும் தலைநகரான ஆஸ்டினுக்குப் போகிறார்கள். சட்டமன்றக் குழுவின் முன்னால் தங்கள் முறை வரும்வரை மணிக்கணக்கில் காத்திருந்து, கிடைக்கிற இரண்டு மூன்று நிமிடத்தில் பேசுகிறார்கள்.

இரண்டு மூன்று நிமிடத்தில் என்ன பேச முடியும்? அழுது புலம்பினால் நேரம் முடிந்துவிடும். கணக்கு இருந்தால் போதும். ஒரு உதாரணம் சொல்கிறேன். டெக்சாஸில் மாநிலப் பணம் பள்ளியில் பெயர் இருக்கிற பிள்ளைகளை எண்ணி வருவதில்லை. சராசரியாகத் தினமும் வருகிற பிள்ளைகளை எண்ணி வருகிறது. நூறு பேர் பெயர் இருந்து, சராசரி 92 பேர் வந்தால் 92 பேருக்குத்தான் பணம். ஆனால் ஆசிரியர், வகுப்பறை, கரண்டு எல்லாம் நூறு பேருக்கு வேண்டும். காய்ச்சலில் படுத்த பிள்ளையும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பிள்ளையும் ஏழை வீட்டில்தான் அதிகம். ஆக, ஏழைப் பள்ளிக்கு இன்னொரு அடி. "வருகையை எண்ணாதே, சேர்க்கையை எண்ணு" என்று பல மாவட்டங்கள் கேட்டு வருகின்றன. பாருங்க, ஒரே வரியில் முடிந்த கோரிக்கை. யாரையும் திட்டவில்லை. விதியில் எந்த வார்த்தை மாற வேண்டும் என்று சொல்கிறது.

இன்னொரு கோரிக்கை, ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகை. 2019இல் அது 6,160 டாலர் என்று வைத்தார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போக, தொகை மட்டும் அப்படியே நின்றது. கேட்டுக் கேட்டு, 2025இல் சுமார் 850 கோடி டாலர் மதிப்புள்ள பள்ளி நிதிச் சட்டம் வந்தது. அதில் பெரும் பகுதி ஆசிரியர் சம்பளம் போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கு. அடிப்படைத் தொகையில் ஏறியது வெறும் 55 டாலர். அதே கூட்டத்தொடரில் தனியார் பள்ளிச் செலவுக்கு அரசுப் பணம் கொடுக்கிற 100 கோடி டாலர் திட்டமும் நிறைவேறியது. அரசுப் பள்ளி மாவட்டங்கள் பல அதை எதிர்த்திருந்தன. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. அடுத்த ஒற்றைப்படை வருடத்துக்கும் பட்டியல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதிலே ஒரு வரம்பும் உண்டு. பள்ளி மாவட்டம் தன் பணத்தைச் செலவழித்து, "இந்த வேட்பாளருக்கு ஓட்டுப் போடு" என்று சொல்லக்கூடாது. சட்டம் தடுக்கிறது. தகவல் சொல்லலாம், கணக்குக் காட்டலாம். அதற்கு மேல் பேச வேண்டியது பெற்றோர்தான். அதனால்தான் பெற்றோர் இல்லாமல் இந்த வேலை நடப்பதில்லை.

நமக்கு இதிலே என்ன?

நம்ம ஊர் ஏற்பாடு வேறு. இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம் அந்தந்தக் கிராமத்தின் வீட்டு வரியை நம்பி இல்லை. அது பெரிய நன்மை. அவர்கள் சண்டையை அப்படியே எடுத்து இங்கே வைக்க முடியாது. ஆனால் அவர்கள் கேட்ட விதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நமக்கும் சில வார்த்தைகளைக் கொடுத்திருக்கிறது. அதன்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். இந்தக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்று எழுத வேண்டும். அரசு அந்தப் பள்ளிக்குப் போடுகிற திட்டத்துக்கும், கொடுக்கிற மானியத்துக்கும் அந்தத் திட்டமே அடிப்படை என்று சட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தத் திட்டத்தை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்? நீட்டின இடத்தில் போட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? வங்கியில் கடன் பத்திரத்தை வரி வரியாகக் கேட்டுப் போடக் கற்றுக்கொண்டோம். இதையும் அப்படியே கேட்க வேண்டும்.

அதே சட்டத்தின் அட்டவணையில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர் என்று இருக்கிறது. 75 பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இரண்டு ஆசிரியர் மட்டும் இருந்தால், "ஐயா, தயவு பண்ணி இன்னொரு டீச்சர் போடுங்க" என்று கும்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. "75 பிள்ளைகள், சட்டப்படி மூன்று ஆசிரியர், இருப்பது இரண்டு" என்று மரியாதையாக எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வரலாம். எட்ஜ்வுட் பெற்றோர் செய்தது இதுதான். குறையைச் சொன்னதோடு நிற்கவில்லை. எந்த விதிப்படி, எவ்வளவு குறைகிறது, அதை மாற்றுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று மூன்றையும் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள்.

பத்து ரூபாய் சேமிப்பில் ஆரம்பித்து லட்சக்கணக்கில் கணக்கு எழுதுகிற பெண்கள் நீங்கள். வரவு செலவு நோட்டைப் பார்த்து, "இந்த ஐம்பது ரூபாய் எங்கே போச்சு?" என்று கேட்கத் தெரிந்தவர்கள். அதே கண்ணால் பள்ளிக்கூட நோட்டையும் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு இந்த வருடம் ஏழு வயது என்றால், ஏழு வயது இந்த ஒரு வருடம்தான். பொறுமையாகக் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் இந்த வருடமே கேளுங்கள்.



குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. நம் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள்? எத்தனை ஆசிரியர்கள்? சட்டப்படி எத்தனை பேர் இருக்க வேண்டும்?
2. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் குழுவிலிருந்து யார் இருக்கிறார்? கடைசிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள்?
3. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை நாம் பார்த்திருக்கிறோமா? அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர் உரக்க வாசிக்கவும்.
4. எழுதிக் கொடுத்த கோரிக்கை, கொடுத்த தேதி, வந்த பதில் மூன்றையும் தீர்மான நோட்டில் குறித்து வைக்கவும்.